கண்காட்சிக்குள் விட்டவர்கள் யாட்டில் ஏன் ஏற்றவில்லை?

தூத்தூர்த் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்கு வளைகுடாவில் வேலை. ஊரிலிருந்து வந்த அப்பாவை அங்கே நடந்த ஒரு படகுக் கண்காட்சிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அப்பா கொச்சி தோப்பும்படியிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் போட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்ராங்காக, அதாவது போட்டை நடத்தும் தலைவராக, இருந்தவர். இரண்டு பேருக்கும் காசு கொடுத்துச் சீட்டு எடுத்தும், பெரிய யாட்டு (பணக்காரர்களின் உல்லாசப் படகு) ஒன்றில்கூட ஏற விடவில்லை. "அப்பாயின்ட்மென்ட் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார்களாம். கண்ணெதிரே வேறொரு ஜோடியை ஏற்றினார்களாம். அப்பா சும்மா நிற்காமல் படகின் பக்கவாட்டை விரல் முட்டியால் தட்டிப் பார்க்க, காவலுக்கு நின்றவன் கையை எடுக்கச் சொல்லிவிட்டான். இது நியாயமா, சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறதா, அடுத்த தடவை ஏற வழி உண்டா என்பது கேள்வி.

நான் பதில் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காவல்காரன் நின்ற இடத்தில் நான்கு கண்காட்சிகளில் நானே நின்றிருக்கிறேன். சொந்த ஊர் நீரோடி. பொழியூரில் கேரளம் முடிந்தால் அடுத்து நாங்கள்தான். வளைகுடாவில் ஒரு படகுப் பட்டறையில் பதினொரு வருஷம் ஃபைபர் வேலை பார்த்தேன். கண்காட்சி வந்தால் பட்டறையிலிருந்து நாலைந்து பேரைப் பொறுக்கி, வெள்ளை டீஷர்ட் மாட்டி, படகுக்கு முன்னால் நிறுத்துவார்கள். என் கையில் ஒரு பிரம்புக் கூடை இருக்கும். ஏறுகிறவர்களின் செருப்பையும் ஷூவையும் அதில் வாங்கி வைக்க வேண்டும். ஏற்றக்கூடாதவர்களைச் சிரித்த முகத்தோடு திருப்பி அனுப்புவதும் கூடைக்காரன் வேலைதான்.

முதலில் சட்டத்தை முடித்துவிடுவோம். நீங்கள் எடுத்த சீட்டு கண்காட்சி நடத்துபவர் கொடுத்தது. அது மைதானத்துக்கும் படகுத்துறைக்கும் செல்லும். படகு இன்னொருவருடைய சொத்து. அதில் யாரை ஏற்றுவது என்பது படகைக் கொண்டுவந்தவர் பாடு. பொருட்காட்சிக்குச் சீட்டு வாங்கியதால் ராட்டினத்தில் இலவசமாக ஏற முடியாது, அந்தக் கணக்குதான். மொனாக்கோவில் 1991 முதல் வருஷாவருஷம் செப்டம்பர் கடைசியில் உலகத்தின் பெரிய யாட்டுகளை வரிசையாகக் கட்டி ஒரு காட்சி நடத்துகிறார்கள். ஒருநாள் சீட்டே நூற்றுக்கணக்கான யூரோ. அவ்வளவு கொடுத்தும் கரையில் நடக்கலாம், அவ்வளவுதான். உள்ளே போக புரோக்கர் மூலம் முன்கூட்டியே நேரம் வாங்கியிருக்க வேண்டும். கரீபியத்தில் ஆன்டிகுவாவில் டிசம்பரில் நடக்கும் வாடகை யாட்டுக் காட்சிக்குப் பொதுமக்கள் வரவே முடியாது, புரோக்கர்களுக்கு மட்டும். உங்களுக்கு நடந்தது அந்தத் தொழிலில் புதிது இல்லை.

ஆனால் எல்லாக் காட்சியும் அப்படி இல்லை. ஜெர்மனியின் டுஸ்ஸல்டார்ஃபில் ஜனவரியில் பெரிய பெரிய கூடங்களுக்குள்ளேயே படகுகளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். 1969 முதல் நடக்கிறது. 2020-ல் கிட்டத்தட்ட இரண்டரை லட்சம் பேர் வந்தார்கள். அங்கே சின்னப் படகுகளில் குழந்தைகள்கூட ஏறி இறங்கும். பெரிய யாட்டுகளுக்கு மட்டும் படிக்கட்டின் கீழே கயிறும் வரிசையும் இருக்கும். நான் பார்த்தவரையில் இப்படிச் சொல்வேன்: 40 அடிக்குள் இருந்தால் கேட்காமலே ஏறலாம், 60 அடி என்றால் கேட்டு ஏறலாம், 100 அடி தாண்டினால் முன்கூட்டி எழுதியிருக்க வேண்டும். எங்கும் எழுதி வைத்த விதி இல்லை இது, கூடைக்காரன் கணக்கு.

சரி, ஏன் இவ்வளவு கெடுபிடி?

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், கண்காட்சியில் நிற்கும் பெரிய படகு பல சமயம் ஏற்கெனவே விற்றுப்போனது. வாங்கியவருக்கு விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, "காட்சி முடிந்ததும் உங்களிடம் தந்துவிடுகிறோம்" என்று சொல்லி நிறுத்தி வைத்திருப்பார்கள். அதாவது புது வீடு கட்டி, பால் காய்ச்சுவதற்கு முன்னால் ஊரையே உள்ளே விட்ட மாதிரி. கார்பெட் மேல் பிளாஸ்டிக் ஒட்டியிருப்பதும், சோபா மேல் துணி விரித்திருப்பதும் அதனால்தான்.

வெள்ளை சோபாவுக்கு முதல் எதிரி ஜீன்ஸ். புது ஜீன்ஸ் போட்டு வெயிலில் நடந்து வியர்த்தவர் வெள்ளை ரெக்சினில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் நீலம் இறங்கிவிடும். அதைத் துடைத்து எடுப்பதற்குள் உயிர் போகும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூட்டம் கலைந்ததும் நாங்கள் ஸ்பாஞ்சும் மருந்துமாக உட்காருவோம். அடுத்தது தளத்தில் பதித்த தேக்கு. நம் ஊரில் தேக்கு என்றால் நிலம்பூர் நினைவுக்கு வரும்; வெள்ளைக்காரன் 1840களிலேயே அங்கே தேக்குத் தோட்டம் போட்டுவிட்டான். மீன்பிடி வள்ளத்துக்கு நாம் அயினி மரத்தை எடுப்போம், தேக்கைக் கதவுக்கும் கட்டிலுக்கும் வைப்போம். யாட்டில் அதே தேக்குதான் தரை. ஆனால் இப்போதைய யாட்டுகளில் அது முழுப் பலகை கிடையாது. ஃபைபருக்கு மேல் சுமார் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பட்டையாக ஒட்டி, இடுக்கில் கறுப்பு ரப்பர் பசை ஊற்றியிருப்பார்கள். குதிகால் உயர்ந்த செருப்பின் நுனி அதில் குழி போடும். ஷூ அடியில் ஒட்டிய மணல் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். தேய்ந்தால் இழைத்துச் சரிசெய்யலாம், ஆனால் ஒரு சென்டிமீட்டரில் எத்தனை தடவை இழைப்பீர்கள்? கூடையின் ரகசியம் இதுதான். மரியாதை, சம்பிரதாயம் எல்லாம் அப்புறம்.

கழிப்பறைக் கதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். காட்சிக்கு நிற்கும் படகில் தண்ணீர் இணைப்பு இருக்காது, கழிவுத் தொட்டியும் காலியாக வைத்திருப்பார்கள். கதவில் டேப் ஒட்டி 'உபயோகிக்கக் கூடாது' என்று எழுதியிருப்போம். ஒவ்வொரு காட்சியிலும் யாராவது ஒருவர் டேப்பைப் பிரித்து உபயோகித்துவிட்டுப் போவார். நான் பார்த்த நான்கிலும் நடந்தது. அப்படிச் செய்தவர்கள் எல்லோருமே நல்ல உடுப்பு உடுத்தவர்கள்.

இதெல்லாம் பொருள் சேதம். இதைவிடப் பெரிய காரணம் பாரம்.

நீங்கள் ஸ்ராங்கின் மகன், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 60 அடி மோட்டார் யாட்டு முப்பது டன் அளவில் இருக்கும். அதில் இருபது பேர் ஏறினால் ஒன்றரை டன். எடை பெரிதில்லை, எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் பெரிது. வருகிறவர்கள் எல்லோரும் நேரே மேல்தளத்துக்குப் போவார்கள், அங்கேதான் காட்சி நன்றாக இருக்கும், போட்டோவும் அங்கேதான். பாரம் மேலே ஏற ஏறப் படகு ஆடத் தொடங்கும். பக்கத்தில் ஏதாவது சத்தம் கேட்டால் எல்லோரும் ஒரே பக்கத்துக்கு ஓடுவார்கள். கட்டியிருக்கும் படகு கவிழாமல் இருக்கலாம், ஆனால் கயிறு இழுபடும், கரையிலிருந்து ஏறும் பலகையான கேங்வே நழுவும், அதில் நடந்துகொண்டிருப்பவர் தண்ணீரில் விழுவார். பல யாட்டுகளின் கேங்வே ஒரு நேரத்தில் ஒருவரோ இருவரோ நடப்பதற்காக வைத்தது.

நம் பக்கத்தில் இதை மறக்க முடியாது. 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி தேக்கடியில் இரண்டு தளப் படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள். தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா போனவர்களும் அதில் இருந்தார்கள். கரையில் விலங்கைப் பார்க்க மேலே இருந்தவர்கள் ஒரு பக்கம் சாய்ந்தார்கள் என்றே எல்லோரும் சொன்னார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று ஆந்திர எல்லையில் பழவேற்காடு ஏரியில் 22 பேர். 2023 மே 7-ஆம் தேதி மலப்புறம் தானூரில் மறுபடி 22 பேர். அது மீன்பிடி வள்ளத்தை உல்லாசப் படகாக மாற்றி, அளவுக்கு மேல் ஏற்றியது. தானூர்ச் செய்தி வந்த ராத்திரி பட்டறையில் யாரும் பேசவில்லை. மீன் வள்ளத்துக்கு மேலே இன்னொரு தளம் கட்டித் தரச் சொல்லி எங்களிடமும் கேட்டு வந்தவர்கள் உண்டு.

அதனால் தலை எண்ணுகிறவன் மேல் எனக்குக் கோபம் வராது. ஐரோப்பாவில் விற்கும் உல்லாசப் படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று பட்டறைக்காரரே ஒரு தகட்டில் அடித்து ஒட்ட வேண்டும். பெரிய யாட்டுகளுக்கு இன்னொரு கணக்கு. 12 பயணிகளுக்கு மேல் ஏற்றிக் கடலுக்குப் போனால் சர்வதேச விதிப்படி அது பயணிகள் கப்பல் ஆகிவிடும். அப்புறம் தீத்தடுப்பு, உயிர்காப்புப் படகு என்று சட்டமே வேறு. எவ்வளவு விலை கொடுத்த யாட்டானாலும் விருந்தினர் படுக்கை பெரும்பாலும் 12-உடன் நிற்பது அதனால்தான். கரையில் கட்டியிருக்கும்போது இது அப்படியே பொருந்தாது. ஆனாலும் கேப்டன்களுக்குப் பன்னிரண்டைத் தாண்டினால் கை நடுங்கும்.

மூன்றாவது காரணத்தை வெளியே சொல்ல மாட்டார்கள். பக்கத்துப் பட்டறைக்காரன் பயம். கதவுக் கீல் எப்படிப் போட்டிருக்கிறான், எஞ்சின் அறைக்குக் காற்று எந்த வழியாக வருகிறது என்று பார்க்க ஆள் அனுப்புவார்கள். என்னையே அனுப்பியிருக்கிறார்கள். வாங்க வந்தவன் மாதிரி பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு போய், ஒரு மூடியின் கீலை மூன்று பக்கமாகப் போட்டோ எடுத்து வந்தேன். அடுத்த வருஷம் எங்கள் படகில் அதே கீல். பெருமையில்லை, நடந்ததைச் சொன்னேன்.

சேல்ஸ்மேன் நேரமும் ஒரு காரணம். ஒருவரை முழுப் படகும் சுற்றிக் காட்ட அரைமணி ஆகும். ஐந்து நாள் காட்சி, மூன்று சேல்ஸ்மேன், கீழே ஆயிரக்கணக்கில் கூட்டம். எல்லோரையும் ஏற்ற முடியாது என்பது உண்மைதான்.

ஆனால் யாரை ஏற்றுவது என்று எப்படித் தீர்மானித்தோம்? இங்கேதான் உங்கள் மனக்குறை நியாயம். முதல்நாள் காலையில் எங்களுக்குச் சொன்னது ஒரே வரி: "பார்த்தால் தெரியும்." கைக்கடிகாரத்தைப் பார், காலைப் பார், கூட வந்தவரைப் பார். தோலைப் பார் என்று வாயால் சொல்லவில்லை. சொல்லாமலே புரிந்துகொண்டோம், ஏனென்றால் நாங்களும் அந்த ஊரில் பல வருஷம் இருந்தவர்கள்தான்.

இரண்டாவது காட்சியில் ஒருவர் வந்தார். சாயம்போன நீல டீஷர்ட், ரப்பர் செருப்பு, கழுத்தில் கண்ணாடிக் கயிறு. படகின் பின்பக்கம் குனிந்து புரொப்பெல்லரைப் பார்த்துவிட்டு, "எஞ்சின் ரூம் காணான் பற்றுமோ?" (எஞ்சின் அறையைப் பார்க்க முடியுமா?) என்று மலையாளத்தில் கேட்டார். அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை மாதிரியே இருந்தார், அதனால்தான் தடுத்தேன். வேறெதுவும் இல்லை. ஒன்றும் சொல்லாமல் தலையாட்டிவிட்டு அடுத்த படகுக்குப் போனார். அங்கே ஒரு மணி நேரம் எஞ்சின் அறையிலேயே இருந்தார். சாயந்திரம்தான் தெரிந்தது, பொன்னானிக்காரர், ஒரு பெரிய குடும்பத்தின் யாட்டுக்குக் கேப்டன். பழைய யாட்டை மாற்றப் போகிறார்கள். எது வாங்கலாம் என்று பார்த்துச் சொல்ல அவரை அனுப்பியிருந்தார்கள்.

யாட்டுத் தொழிலில் இது சாதாரணம். வாங்குகிற முதலாளி கண்காட்சிக்கு வந்து கூட்டத்தில் இடிபட மாட்டார். கேப்டனையோ, எஞ்சினியரையோ, படகைப் பரிசோதிக்கும் சர்வேயரையோ அனுப்புவார். அவர்கள் கோட் சூட்டில் வருவதில்லை, படகின் அடிவயிற்றில் இருக்கும் பில்ஜுக்குள் தலையை விட வேண்டுமே! அன்றைக்கே நான் தலைவாழை விருந்து மாதிரி உபசரித்து ஏற்றிய ஜோடி, நாற்பது நிமிஷம் எல்லாப் படுக்கையிலும் படுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு போனது. ஏன் தடுத்தாய் என்று மேனேஜர் என்னைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் "நீங்கள்தானே பார்த்தால் தெரியும் என்றீர்கள்" என்று சொல்லியிருப்பேன், வேலையும் போயிருக்கும்.

ஆகவே என் முடிவு இது. தலை எண்ணட்டும், செருப்பைக் கழற்றச் சொல்லட்டும், நேரம் குறித்துத்தான் ஏற்றுவோம் என்று சொல்லட்டும், எல்லாம் சரி. ஆனால் அதைப் பலகையில் எழுதி வாசலில் வைத்து, எல்லோருக்கும் ஒன்றாக நடத்த வேண்டும். சீட்டு விற்கும் இடத்திலேயே 'பெரிய யாட்டுகளில் ஏற முன்பதிவு தேவை' என்று போட்டிருந்தால் உங்கள் அப்பா அவ்வளவு பேர் முன்னால் நின்று கேட்டிருக்க வேண்டாம். கண்ணால் எடை போட்டு ஆளைப் பிரிப்பது அவமானம் மட்டும் இல்லை, வியாபாரத்துக்கும் நஷ்டம்.

இனி ஏறுவதற்கு வழி. காட்சிக்கு இரண்டு வாரம் முன்பே அந்தப் படகுக்காரரின் ஆபீசுக்கு மெயில் எழுதுங்கள். வாங்கப் போகிறேன் என்று பொய் சொல்ல வேண்டாம், இரண்டு கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். "என் அப்பா முப்பது வருஷம் ஆழ்கடல் போட்டு ஓட்டியவர், எஞ்சின் அறையையும் படகை ஓட்டும் அறையையும் பார்க்க ஆசைப்படுகிறார், பத்து நிமிஷம் போதும்" என்று இருப்பதை எழுதுங்கள். பத்தில் இரண்டு பேராவது பதில் போடுவார்கள். சனி, ஞாயிறு வேண்டாம். வாரநாளில் கதவு திறந்த முதல் மணி நேரம், இல்லாவிட்டால் கடைசி நாள் மத்தியானம் போங்கள். கடைசி நாளில் எல்லோருக்கும் கால் வலி, மனசு இளகியிருக்கும். சேல்ஸ்மேனை விட்டுவிட்டு, படகில் துணியோடு துடைத்துக்கொண்டிருக்கும் ஆளைப் பாருங்கள். அவன் மலையாளியாகவோ, பிலிப்பினோவாகவோ, நம் பக்கத்துக்காரனாகவோ இருப்பான். அவனிடம் எஞ்சினைப் பற்றி ஒரு நல்ல கேள்வி கேட்டால் போதும், வாசல் திறக்கும். நானே அப்படி எத்தனையோ பேரை மேனேஜர் சாப்பிடப் போன நேரத்தில் ஏற்றியிருக்கிறேன். சுலபமாகக் கழற்றும் செருப்பு, கிழியாத சாக்ஸ், முதுகில் பை இல்லாமல் போவது, இவ்வளவு போதும்.

எஞ்சின், வலை இழுக்கும் யந்திரம், கடலின் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் விற்கும் ஸ்டால்களை விட்டுவிடாதீர்கள். அங்கே யாரும் யாரையும் தடுப்பதில்லை. உங்கள் அப்பா அங்கே பேசத் தொடங்கினால் அவர்கள்தான் நாற்காலி போடுவார்கள். ஊருக்கு வந்தால் கொச்சிக்குப் போங்கள். போல்காட்டித் தீவில் கேரள சுற்றுலாக் கழகத்தின் மெரினா, அதாவது யாட்டுகள் கட்டும் துறை, இருக்கிறது, கரையில் நின்று பாய்மரப் படகுகளைப் பார்க்கலாம். அப்புறம் 2023-ல் தொடங்கிய வாட்டர் மெட்ரோ என்ற படகுப் போக்குவரத்தில் ஏறுங்கள். கொச்சி கப்பல் தளத்தில் கட்டிய பேட்டரிப் படகு, குறைந்த கட்டணம் 20 ரூபாய் என்று தொடங்கியது. அங்கேயும் தலை எண்ணித்தான் விடுவார்கள், ஆனால் யாருடைய கடிகாரத்தையும் பார்ப்பதில்லை.

அப்பா தட்டிப் பார்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை. அது விளையாட்டு இல்லை. ஃபைபர் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் உள்ளே காற்று நின்றிருந்தால் தட்டும்போது சத்தம் மந்தமாக வரும். சர்வேயர்கள் இதற்கென்றே சின்ன பிளாஸ்டிக் சுத்தியல் வைத்திருப்பார்கள். கையை எடு என்று அவசரமாகச் சொன்னார்கள் என்றால், எந்த இடத்தில் தட்டினார், சத்தம் எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்டு எழுதுங்கள், எனக்கே தெரிந்துகொள்ள ஆசை.

நான் இப்போது கொல்லங்கோடு ரோட்டில் ஒரு சின்ன ஷெட் போட்டு ஃபைபர் வள்ளம் கட்டுகிற வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் ஒரு 36 அடிப் படகை அச்சிலிருந்து எடுக்கிறோம். லீவில் வரும்போது அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம், ஃபைபருக்கு ஊற்றும் ரெசின் பசை காயாத இடத்தை மட்டும் மிதிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.